தீப்பொறி ஜோடியின் இரண்டாவது ஆல்பம்

— காதைப் பொத்திக்கிட்டாங்கண்ணா! ரெண்டு கையாலயும்! கொட்டுற மழையில நின்னு ஆடுற நம்ம ஜுருனாஸ் பேட்டை ஜனம், காதைப் பொத்திக்கிட்டு பீர்க் கடைப் பக்கம் ஓடுது. நான் மைக்கைப் பிடிச்சுக்கிட்டு மேடையில நிக்கறேன். நீ என்னடான்னா பக்கத்துல தலையை ஆட்டிக்கிட்டு நிக்கற!

— விடு நெய்டி. ஒரு வாரம் ஆச்சு. விடு.

— எதை விடச் சொல்ற? இடிமுதலை ஸ்பீக்கர் செட்டுல நம்ம பாட்டு வந்தா ரெண்டு கையையும் முதலை வாய் மாதிரி பொளந்து ஆட்டுவாங்களே, அன்னிக்கு ஒரு முதலையாவது வாயைத் திறந்துச்சா? மூணாவது பாட்டு பாதியில செட்டுக்காரர் ஓடிலான் வந்து நிறுத்தினார். நிறுத்திட்டு எதைப் போட்டார்? நம்ம முதல் ஆல்பத்தைப் போட்டார்! போட்ட உடனே எல்லாரும் ஓடி வந்து ஆடறாங்க.

— அதுவும் நம்ம பாட்டுதானே.

— ஆமாமா, நம்ம பாட்டுதான். அஞ்சு வருஷத்துக்கு முந்தின பாட்டு. உயிரோட நிக்கறவங்களுக்கு அஞ்சலிக் கூட்டம் வச்ச மாதிரி இருந்துச்சு எனக்கு. ரேடியோவுல அந்த மீசைக்காரன் என்ன சொன்னான் தெரியுமா? 'தீப்பொறி ஜோடியோட புது ஆல்பத்தைக் கேக்கப் போறவங்க பல் டாக்டர்கிட்ட இப்பவே நேரம் வாங்கி வச்சுக்குங்க'ன்னான்.

— சாவோ பாவ்லோ பத்திரிகையில நல்லா எழுதியிருந்தாங்களே. துணிச்சலான கூர்மைன்னு.

— அவன் ஆடுவானா? நாற்காலியில உக்காந்து எழுதறவன். அவனுக்குக் கூர்மை பிடிக்கும். நம்ம ஆளுங்களுக்கு இடுப்பு அசையணும். முதல் ஆல்பத்துல என்னை டிரம்முக்கு அடியில புதைச்ச, சரின்னு பொறுத்துக்கிட்டேன். ரெண்டாவதுல என்னை ரம்பமாக்கிட்ட. நான் 'ச'ன்னு வாயெடுத்தா தகரத்துல ஆணி இழுக்கற மாதிரி இருக்கு. நான் அப்படியா பாடறேன்?

— என்னது? தகரக் கூரையில மழை அடிக்கறதுல ஒண்ணும் விளங்கல. இந்தப் பக்கம் வந்து உக்காந்து சொல்லு.

— வாயில போட்டுச் சவைச்சதையே திரும்பச் சவைக்க என்னால ஆகாது. மிக்சிங்ல வேற யாரையும் கை வைக்க விடமாட்ட. பெரிய இவரு! மிக்சிங் தெரிஞ்ச நம்ம ஓனெய்டு எத்தனை தடவை வந்து கேட்டான், நான் ஒருவாட்டி கேட்டுப் பாக்கறேன்னு? கதவையே திறக்கலியே நீ.

— முடிச்சதும் நீயும்தானே போட்டுக் கேட்ட?

— நான் பாடறவ. மிக்சிங் உன் வேலை. பேச்சை மாத்தாத. நான் சண்டை போட வரல, சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். நாளைக்குப் படகு. மக்காபாவுல ஒரு பேண்டுல கூப்பிட்டிருக்காங்க. படகுல படுக்கத் தூளி கட்ட இடம்கூடப் பிடிச்சாச்சு.

— மக்காபாவுக்கா? எத்தனை நாளைக்கு?

— நாள் கணக்கெல்லாம் இல்ல. போறேன். ஜோடி முடிஞ்சுது.

— ம்.

— ம்மா? பதினாறு வருஷம் ஒண்ணா பாடினதுக்கு ஒரு 'ம்' தானா? போகாதேன்னு ஒரு வார்த்தை வராதா உன் வாயில?

— மாப்ளே! டேய் எடி! கதவைத் திறடா, வண்டி நனையுது!

— மழை விட்டதும் போ நெய்டி. இப்ப எங்க போவ?

— அண்ணா, வாசல்ல ஜெனெசியோ அண்ணன் தொண்டை கிழியக் கத்தறார். நீ பாட்டுக்குக் கம்ப்யூட்டரைப் பாத்துக்கிட்டு இருக்க. தள்ளு, நான் திறக்கறேன். வாங்கண்ணே. ஐயோ, இப்படித் தொப்பலா நனைஞ்சிருக்கீங்களே.

— நான் நனைஞ்சா காஞ்சிருவேன் தங்கச்சி. வண்டியில இருக்கற ஸ்பீக்கர் நனைஞ்சா எம் பொழப்பு போச்சு. சத்தியமா சொல்றேன், தினம் மத்தியானம் வர்ற மழை இன்னிக்கு நேரத்துக்கு முன்னாடியே வந்துருச்சு. மழைக்கு அப்புறம் வரேன்னு ஒருத்தன்கிட்ட சொல்லி வச்சிருக்கேன், அவன் எப்ப வருவானோ. இந்தா, டக்காக்கா சூப்பு வாங்கிட்டு வந்தேன், சூடா குடிங்க. கீரை நிறையப் போடச் சொன்னேன். நாக்கு மரத்துப் போனா, நான் சொல்லப் போற விஷயத்துக்கு என்னைத் திட்ட முடியாதுல்ல!

— எங்களைத் திட்டத்தானே வந்திருக்கீங்க? பரவாயில்லண்ணே, சொல்லுங்க. வரிசையில நின்னு திட்டறாங்க, நீங்களும் நில்லுங்க.

— சேச்சே, திட்டுவேனா நான்? எடியும் நானும் ஒரே பெஞ்சுல உக்காந்து ஃபெயிலானவங்க. உங்க முதல் ஆல்பம் இல்லாம இந்த அஞ்சு வருஷத்துல ஒரு பென்டிரைவு வித்திருப்பேனா? முந்நூறு பாட்டு ஏத்தினா முதல் பாட்டு உங்களோடதுதான். அதான் நேர்ல சொல்லணும்னு வந்தேன். அடுத்தவன் வாயால நீங்க கேள்விப்படக் கூடாது பாரு.

— எடுத்துட்டீங்களா?

— எடுத்துட்டேன் தங்கச்சி. பென்டிரைவுலருந்து புது ஆல்பத்தைப் பூரா எடுத்துட்டேன்.

— எல்லாப் பாட்டுமா?

— பதினோரு பேர் பென்டிரைவைத் திருப்பிக் கொண்டு வந்தாங்க. கெட்டுப் போன சரக்குங்கறாங்க. கெட்டுப் போனது பென்டிரைவு இல்லம்மான்னு எப்படிச் சொல்றது? எங்க சந்துல ஒரு கிழட்டு நாய் இருக்கு, என் வண்டிச் சக்கரத்துக்கு அடியிலதான் தூங்கும். எந்தப் பாட்டுக்கும் கண்ணைத் திறக்காது. உங்க ரெண்டாவது பாட்டு வந்துச்சு, சத்தியமா சொல்றேன், எந்திரிச்சு மழையில போய் உக்காந்துக்கிச்சு.

— நாய்கூடவா? சிரிக்கறதா அழறதான்னு தெரியலண்ணே.

— மாப்ளே, உனக்கும் சேத்துத்தான் சொல்றேன். மனசுல வச்சுக்காத. மாப்ளே? டேய், கோவமா? திரும்பிக்கூடப் பாக்கமாட்டேங்கற. எடி!

— அவரை விடுங்க. நான் வந்ததுலருந்து இதே முகம்தான்.

— என் மேல தப்பு இருந்தா சொல்லட்டும். நாய் கதையெல்லாம் நான் கட்டி விடறேன்னு நினைக்கறான் போல. இரு, வண்டியில அழிக்காத பென்டிரைவு ஒண்ணு கிடக்கு. இப்பவே போட்டுக் காட்டறேன். இந்தா, கேளுடா.

— ஐயையோ, நிறுத்துங்கண்ணே! பல்லு கூசுது. நிறுத்துங்க, நிறுத்துங்க!

— பாத்தியா மாப்ளே? பாடினவளே பல்லைக் கடிக்கறா.

— ஜெனெசியோ, நீ எப்படா வந்த? இந்தப் பாட்டா? நல்லாத்தானே இருக்கு. சத்தம் பத்தல, இன்னும் கொஞ்சம் ஏத்தி வை.

— ஏத்தி வைக்கறதா?

— ஆமா. ஏன் ரெண்டு பேரும் இப்படிப் பாக்கறீங்க?

— ஒண்ணும் இல்ல மாப்ளே. ஒண்ணும் இல்ல. நான் வரேன். மழை கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருக்கு, பிளாஸ்டிக்கைப் போத்திக்கிட்டுத் தள்ளிட்டுப் போயிருவேன். தங்கச்சி, அவனைச் சாப்பிட வை. முகம் வெளுத்துக் கிடக்கு.

— சரிண்ணே. பாத்துப் போங்க, முக்குல தண்ணி நிக்கும்.

— அவன் ஏன் வந்ததும் கிளம்பிட்டான்?

— வந்ததும் கிளம்பினாரா? அவர் வந்து கால் மணி நேரம் ஆச்சுண்ணா. உன் முதுகுக்குப் பின்னாடி நின்னு உன்னை மூணு தடவை கூப்பிட்டார். நம்ம ஆல்பத்தை அழிச்சுட்டேன்னு சொன்னார். அதுவும் உனக்குக் கேக்கலியா?

— ஏதோ யோசனையில இருந்துட்டேன்.

— யோசனையா? இங்க திரும்பு. நான் இப்ப வாய் மேல கையை வச்சுக்கிட்டுப் பேசறேன். நான் என்ன சொல்றேன்னு அப்படியே திருப்பிச் சொல்லு. சொல்லு பாக்கலாம். நேத்து சந்தையில பொரிச்ச மீனும் அசாயியும் சாப்பிட்டேன்.

— விளையாடாத நெய்டி.

— நேத்து சந்தையில பொரிச்ச மீனும் அசாயியும் சாப்பிட்டேன். நான் என்ன சாப்பிட்டேன்? சொல்லேன்.

— கையை எடு.

— அண்ணா...

— கையை எடுத்துட்டுப் பேசு. தயவுசெஞ்சு கையை எடு.

— எடுத்துட்டேன். இந்தா, எடுத்துட்டேன். எத்தனை நாளா இப்படி?

— டாக்டர் ரெண்டு வருஷம் இருக்கும்கறார். எனக்குத் தெரிஞ்சது வியாழக்கிழமைதான். கண்ணாடிப் பெட்டி மாதிரி ஒண்ணுக்குள்ள உக்கார வச்சு, கையில ஒரு பொத்தானைக் கொடுத்தாங்க. சத்தம் கேட்டா அமுக்கணுமாம். முதல்ல ரெண்டு கட்டைச் சத்தம் வந்துச்சு, அமுக்கினேன். அப்புறம் அமுக்கலாம் அமுக்கலாம்னு உக்காந்திருக்கேன், ஒரு சத்தமும் வரல. அந்த நர்ஸ் பொண்ணு மிஷினை நிறுத்திட்டான்னு நினைச்சேன். வெளியே வந்து 'மிச்சத்தை எப்பம்மா ஆரம்பிப்பீங்க'ன்னு கேட்டேன். 'முடிஞ்சுருச்சு சார்'னா.

— ஐயோ, அண்ணா.

— பேஸ் நல்லா கேக்குது. டிரம் கேக்குது, நெஞ்சுல இடிக்குதே. மேல இருக்கற கீச்சுச் சத்தம்தான் போயிருச்சு. டிரெபிள் பூரா போச்சு. இருபது வருஷம் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்துலயே நின்னுருக்கேன்ல. இனிமே கீழயும் போகுமாம், மெல்ல மெல்ல.

— மருந்து? ஆபரேஷன்?

— இல்லியாம். ஒரு மிஷின் மாட்டிக்கலாம், பேச்சுக்கு உதவும். பாட்டுக்கு ஆகாதுன்னுட்டார்.

— ரெண்டு வருஷமா ஒண்ணுமே தோணலியா உனக்கு? இவ்வளவு பெரிய விஷயம், எப்படிண்ணா தெரியாம இருக்கும்?

— தோணுச்சு. ஸ்பீக்கர் கெட்டுப் போச்சுன்னு தோணுச்சு. மூணு தடவை மாத்தினேன். ஒயரை மாத்தினேன். மைக்கை மாத்தினேன். அப்புறம்... அதை விடு.

— அப்புறம் என்ன?

— வேணாம்டி. விடு.

— இத்தனை வருஷம் 'விடு விடு'ன்னு சொல்லித்தானே இங்க வந்து நிக்கறோம். சொல்லு.

— அப்புறம் உன் தொண்டைதான் போயிருச்சுன்னு நினைச்சேன்.

— என் தொண்டையா?

— உன் குரல் தேஞ்சுக்கிட்டே வந்துச்சு நெய்டி. முதல்ல 'ச' போச்சு, அப்புறம் 'ஸ' போச்சு. அப்புறம் நீ மேல போற இடமெல்லாம் வெறும் காத்து. பதினாலு வயசுலருந்து பெட்டிச் சத்தத்துக்கு மேல கத்திப் பாடறவ, தொண்டை கிழிஞ்சுருச்சு பாவம்னு நினைச்சேன். அதை உன்கிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது? பாடறவகிட்டப் போய், உனக்குக் குரல் போச்சுடின்னா சொல்ல முடியும்? அதான் ஓனெய்டையும் உள்ள விடல. அவனுக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரிஞ்சுரும். நானே ராவும் பகலும் உக்காந்து, ஒவ்வொரு பாட்டுலயும் உன் குரலைத் தூக்கித் தூக்கி வச்சேன். எனக்கு நீ தெளிவா கேக்கற வரைக்கும் ஏத்தினேன். ஆளுங்களுக்குத் தெரியக் கூடாதுல்ல, உனக்குக் குரல் போனது.

— எனக்காகவா ஏத்தின?

— பின்ன யாருக்காக? போன அக்டோபர்ல சிரியோ மாதா ஊர்வலத்துக்குப் போனேனே, ஞாபகம் இருக்கா?

— அம்மாவுக்கு வேண்டுதல்னு சொன்ன. வெயில்ல செருப்பில்லாம நடந்து காலெல்லாம் கொப்புளமா வந்து படுத்த.

— அம்மாவுக்கு இல்ல. மெழுகுல ஒரு தொண்டை செஞ்சு வாங்கி, தலை மேல வச்சுக்கிட்டு மாதா பின்னாடியே நடந்தேன். என் தங்கச்சி குரலைத் திருப்பிக் கொடும்மான்னு. எனக்கு முன்னாடி ஒருத்தன் மெழுகுல காது வச்சுக்கிட்டு நடந்தான். இவனுக்கு என்ன கஷ்டமோன்னு அவனுக்கும் சேத்து ஒரு ஜபம் பண்ணினேன்.

— அண்ணா, போதும்.

— தப்பான உறுப்பைத் தூக்கிட்டுப் போயிட்டேன் நெய்டி. மாதா பாத்துச் சிரிச்சிருப்பா.

— சிரிக்காத. தயவுசெஞ்சு நீ சிரிக்காத.

— அழாத. உன் குரல் நல்லாத்தான் இருக்குன்னு டாக்டர் ரூம்ல வச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். எனக்குக் காது போச்சுன்னு அவர் சொன்னப்போ, அப்ப அவளுக்குத் தொண்டை போகலைன்னுதான் முதல்ல தோணுச்சு. சத்தியமா சந்தோஷமா இருந்துச்சு. பஸ்ல ஏறின பிறகுதான் அழுகை வந்துச்சு.

— ஏண்ணா அன்னிக்கே என்கிட்ட வரல?

— நீ போன் எடுத்தியா? ஞாயித்துக்கிழமை மேடையிலருந்து இறங்கினவ, இன்னிக்குத்தான் இந்த வாசப்படி மிதிக்கற. சரி, அதை விடு. நீ மக்காபாவுக்குப் போக வேணாம்.

— ஏன்?

— ஓடிலான்கிட்டப் பேசிட்டேன். ஆல்பம் நாசமானது பூரா என்னாலதான், நெய்டி மேல ஒரு துரும்பளவு தப்பு இல்லன்னு சொன்னேன். அது ஊருக்குத் தெரிஞ்சா இடிமுதலையிலயே உன்னைத் தனியா பாட வைக்கறேன்னார். ஊரை விட்டு நீ ஏன் போகணும்? அதான் அந்த மீசைக்காரன்கிட்டயும் கேட்டேன். இன்னிக்கு மழைக்கு அப்புறம் வா, பத்து நிமிஷம் தரேன்னுட்டான். நேரா ரேடியோவுல சொல்லிடறேன்.

— என்னன்னு சொல்லுவ?

— உள்ளதைச் சொல்லுவேன். என் காது செத்துப் போச்சு. அது தெரியாம உக்காந்து மிக்சிங் பண்ணி, நல்ல பாட்டையெல்லாம் கெடுத்துட்டேன். என் தங்கச்சி குரல்ல ஒரு குறையும் இல்ல. அவ ஏமாந்துட்டா, அவ்வளவுதான்.

— காது போச்சுன்னு ஊருக்கே சொன்னா அப்புறம் உன்னை யாருண்ணா கூப்பிடுவாங்க? ஒரு கல்யாணத்துக்குப் பாட்டுப் போடக்கூடக் கூப்பிட மாட்டாங்க. காலத்துக்கும் உன் பேரைச் சொல்லிச் சிரிப்பாங்க.

— சிரிக்கட்டும். எனக்குத்தான் கேக்காதே!

— உனக்கு எல்லாமே விளையாட்டு.

— விளையாட்டு இல்லடி. இனிமே நான் என்ன பண்ணினாலும் இந்த வேலைக்கு ஆகமாட்டேன். முடிஞ்சு போனவன் தலையில எல்லாத்தையும் போட்டுட்டா, இருக்கறவ பொழைச்சுக்கலாம். உனக்குச் சின்ன வயசு. ஒரே ஒரு சந்தேகம்தான் எனக்கு இருந்துச்சு, அதுவும் இப்பத் தீந்துருச்சு.

— என்ன சந்தேகம்?

— முதல் முதல்ல உனக்குப் போட்டுக் காட்டினேன்ல, இங்கதான் உக்காந்திருந்த. எப்படிடி இருக்குன்னு கேட்டேன். நல்லாருக்குன்ன. எதையாவது குறைக்கணுமான்னேன், எதுவும் வேணாம்ன. எனக்குக் காது இல்ல, சரி. இவளுக்கு இருக்கே, இவ ஏன் சொல்லலைன்னு நாலு நாளா மண்டையைக் குடைஞ்சுக்கிட்டு இருந்தேன். இப்ப நீ அழறதைப் பாத்தா புரியுது. அண்ணன் ஒரு வருஷம் உக்காந்து செஞ்சது, மனசு நோகக் கூடாதுன்னு பொறுத்துக்கிட்ட. அதானே?

— ...ம்.

— எனக்குத் தெரியும். நீ சின்ன வயசுலருந்தே அப்படித்தான். வாய்தான் நீளம், மனசு பஞ்சு. சரி, தகரத்துல சத்தம் நின்னுருச்சா? என்னால கண்டுபிடிக்க முடியல.

— நின்னுருச்சு.

— அப்ப நான் கிளம்பறேன். குடை எங்க வச்சேன்? வேணாம், விட்டாச்சுல்ல. நீ டக்காக்காவைக் குடிச்சுட்டு, ரேடியோவை வச்சுக் கேளு. கதவைச் சாத்திட்டுப் போ.

— அண்ணா.

— அண்ணா, நில்லு.

— அண்ணா, போகாத! ரேடியோவுக்குப் போகாத! ஐயோ, தெருவுல இறங்கிட்டியே... எடி அண்ணா!

— யாருடா அது சட்டையைப் பிடிச்சு... நெய்டியா? என்னடி, செருப்பில்லாம சேத்துல ஓடி வந்திருக்க? கூப்பிட்டியா?

— கூப்பிட்டேன். என்னைப் பாரு. வேற எங்கயும் பாக்காத, என் வாயையே பாரு. ஒரு தடவைதான் என்னால சொல்ல முடியும்.

— சொல்லு. அழாம சொல்லு. அழுதா உதடு எனக்குப் புரியாது.

— நீ போட்டுக் காட்டின அன்னிக்கு, முதல் பாட்டு முடியறதுக்குள்ள எனக்குக் காது வலிச்சுச்சு. இது ஓடாது, எல்லாரும் ஓடுவாங்கன்னு அங்கயே தெரிஞ்சுது. ஆனா என் குரலை அவ்வளவு பெருசா, அவ்வளவு முன்னாடி யாருமே வச்சதில்லண்ணா. பஸ்ல என் பாட்டே ஓடும், பக்கத்துல உக்காந்திருக்கறவளுக்கு நான்தான் அதுன்னு தெரியாது. அதைக் குறைன்னு சொல்ல எனக்கு மனசு வரல. உன் மனசு நோகுமேன்னு இல்ல, எனக்கு ஆசையா இருந்துச்சு. உனக்குக் கேக்கலண்ணா. எனக்குக் கேட்டுச்சு.